மங்கைப்பாளையத்துக்கு மூன்று முறை தண்ணீர்

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று கிருபாகரன் சார் என்னை அறைக்குக் கூப்பிட்டு, "பானுரேகா, நீங்க நிபுணரா?" என்று கேட்டார்.

இருபத்து மூன்று வருடமாக ஊர் ஊராகக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வடிவமைக்கிறேன். அதில் பதினாறு வருடம் இவருடைய கம்பெனியில்தான். ஆனால் இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை என்பதால் பதில் தயாராக இல்லை. "ஓரளவுக்குங்க சார்" என்றேன்.

ஓரளவு போதாதாம். இனிமேல் பெரிய டெண்டர் எதற்குப் போனாலும், வாரியச் சான்று பெற்ற சுற்றுச்சூழல் பொறியாளர் ஒருவராவது கம்பெனியில் இருந்தாக வேண்டுமாம். பட்டமும் அனுபவமும் எல்லோரிடமும் இருக்கிறது. இது வேறு. மூத்த பொறியாளர்கள் நம் வேலையைப் பிரித்துப் போட்டுப் பார்த்து, இந்த ஆளை நம்பலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. முதலில் விண்ணப்பம், பிறகு எழுத்துத் தேர்வு, கடைசியில் மூன்று பேர் முன்னால் நேர்முகம். கோயம்புத்தூர் ஆபீசில் அதற்கான வயதும் அனுபவமும் உள்ள ஒரே ஆள் நான்தான் என்றார். வயது என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னார்.

வீட்டில் தர்மலிங்கத்திடம் சொன்னேன். என் கணவர் பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்துகிறவர். பரீட்சை என்ற சொல்லைக் கேட்டால் அவருக்கு முகம் மலரும். உடனே எழுந்து சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியைத் துடைத்து, "இது இனிமே உன் எடம்" என்றார். மறுபாதியில் அவருடைய விடைத்தாள் கட்டு.

இந்த டைரியும் அவருடைய பள்ளியில் கொடுத்ததுதான். ஜனவரியிலிருந்து காலியாகக் கிடந்தது. நிபுணர் என்றால் டைரி எழுதுவார் என்று நினைத்து எடுத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 9, சனி

விண்ணப்பம் நாற்பத்தொரு பக்கம். "நீங்கள் முழுப் பொறுப்பு ஏற்றுச் செய்த திட்டங்களை எழுதுக." அதற்குக் கீழே சின்ன எழுத்தில், "உதவி செய்தவற்றை எழுத வேண்டாம்." அந்தச் சின்ன எழுத்து வந்ததும் என் இருபத்து மூன்று வருடம் எட்டு வருடமாகச் சுருங்கிவிட்டது. பேன்ட் துவைத்து எடுத்த மாதிரி.

அந்த எட்டு வருட வேலையில் சிறந்தது மங்கைப்பாளையம். முப்பத்தையாயிரம் பேர் உள்ள பேரூராட்சி. ஆறு வருடத்துக்கு முன் முழுக்க முழுக்க நான் வடிவமைத்த நிலையம். ஒவ்வொரு மாதமும் அங்கிருந்து வரும் பரிசோதனை அறிக்கையில் எல்லா எண்ணும் வரம்புக்குள் இருக்கும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதைத்தான் படம் போட்டுக் காட்டுவேன். என் பெண்ணைக்கூட நான் இவ்வளவு புகழ்ந்ததில்லை. அவள் சென்னையிலிருந்து போன் செய்து இதைச் சொல்லிக்காட்டியிருக்கிறாள்.

முப்பத்தாறாம் பக்கத்தில் ஒரு கட்டுரை. "உங்கள் பணியில் நீங்கள் செய்த ஒரு பிழையையும், அதை எப்படிக் கையாண்டீர்கள் என்பதையும் ஆயிரம் சொற்களுக்குள் எழுதுக." ஒரு மணி நேரம் யோசித்தேன். ஒன்று நினைவுக்கு வந்தது. உடுமலைப் பக்கம் ஒரு ஒப்பந்ததாரர் குழாயைத் தலைகீழ்ச் சரிவில் பதித்துவிட்டார், நான் போய்ப் பார்த்துக் கண்டுபிடித்தேன். அது அவர் பிழைதான். ஆனால் கையாண்டது நான். பாதிக் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மாதிரித் தேர்வு. நான் இட்லிக்கு அரைத்துக்கொண்டிருக்க, தர்மலிங்கம் கேள்வி படித்தார். நூற்றுக்கு முப்பத்தெட்டு. "பரவால்ல, எங்க பசங்க முதல் திருப்புதல்ல இதவிடக் கம்மி" என்றார். அவர் ஆறுதல் சொல்லும் விதம் இப்படித்தான்.

காரத்தன்மை கேள்வி ஏழும் தப்பு. இந்த வேலைக்கு வருமுன் அந்தப் பாடத்தை நான் கல்லூரியில் ஐந்து வருடம் நடத்தியிருக்கிறேன் என்பதை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

நாற்பத்து நாலு. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

செப்டம்பர் 6, சனி

மங்கைப்பாளையம் போய் வந்தேன். விண்ணப்பத்தோடு நிலையத்தின் கடைசி மூன்று வருடப் பதிவேட்டின் நகலை இணைக்க வேண்டும். ஆபீசிலிருந்து யாரையாவது அனுப்பியிருக்கலாம். திறப்பு விழாவுக்குப் பிறகு நான் அங்கே போகவே இல்லை என்பது கார் ஏறிய பின்தான் உறைத்தது.

நிலையத்தைப் பார்த்துக்கொள்வது ஜெசிந்தா. முப்பத்தெட்டு வயதிருக்கும். ஐடிஐ படித்தவர், ஒப்பந்தப் பணி. தொடங்கிய நாளிலிருந்து அவர்தான். இடம் பளிச்சென்று இருந்தது. நாற்றமே இல்லை. நான் பெருமையாக மூச்சு இழுத்துக் காட்டினேன். அவர் சிரித்தார்.

பதிவேட்டோடு இன்னொரு நீள நோட்டையும் எடுத்து வைத்தார். அது அவருடைய சொந்த நோட்டு. தினமும் காலையில் கழிவுநீர்க் கிணற்றில் மட்டம் எவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறார். ஊரின் கழிவுநீரெல்லாம் முதலில் அந்தக் கிணற்றுக்குத்தான் வரும். அங்கிருந்து பம்ப் மேலே ஏற்றும். கிணறு நிறைந்தால் உபரி, ஒரு குழாய் வழியாக நேராக ஊர் ஏரிக்குப் போய்விடும். அது ஆபத்துக் காலத்துக்கு மட்டும் என்று வைத்த குழாய்.

நோட்டில் சில தேதிகளுக்கு எதிரே "சண்டை" என்று எழுதியிருந்தது.

"இது என்னங்க?"

"அன்னிக்கெல்லாம் என்ற தம்பி கூடப் பேச்சுவார்த்தை இல்லீங்க."

புரியவில்லை. பொறுமையாகச் சொன்னார். அவர் தம்பி அமல்ராஜ்தான் பேரூராட்சியில் வால்வு திறக்கிறவர். மங்கைப்பாளையத்துக்குக் குடிநீர் காலையில் ஒரே நேரத்தில்தான் விடுவார்கள், எல்லா வார்டுக்கும் ஐந்தரை மணிக்கு. ஊரே ஒரே சமயத்தில் குளிக்கும், துவைக்கும், பாத்திரம் கழுவும். ஆறரைக்கு அத்தனை கழிவும் கிணற்றுக்கு வந்து சேரும். கிணறு தாங்காது. வழிந்து ஏரிக்குப் போகும்.

"மொதல் மாசம் தெனமும் போச்சுங்க. பார்க்கவே மனசு கேக்கல. அப்புறம் தம்பிகிட்டச் சொன்னன். ஊர மூணாப் பிரிச்சு, அஞ்சரைக்குக் கொஞ்சம், ஏழுக்குக் கொஞ்சம், எட்டரைக்குக் கொஞ்சம்னு தொறந்து உடறான். அவனா செய்யறதுங்க, ஆர்டர் எல்லாம் ஒண்ணுமில்ல. எங்களுக்குள்ள மனஸ்தாபம் வந்தா மட்டும் பழையபடி அஞ்சரைக்கே எல்லாத்தையும் தொறந்து உட்ருவான்."

வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் சண்டை. மற்ற நாளெல்லாம் என் நிலையம் அருமையாக ஓடியிருக்கிறது, ஒரு அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டிருந்ததால்.

"யார்கிட்டயும் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"உங்ககிட்டத்தானுங்க சொன்னன். ரெண்டாவது வாரமே போன் பண்ணன். கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு, பம்ப்பப் பாருங்கன்னு சொன்னீங்க."

எனக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்லை.

டீ கொடுத்தார். நன்றாக இருந்தது. பதிவேட்டு நகலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மங்கைப்பாளையத்தின் கணக்கு பழைய கணினியில் இருக்கிறது. அது திறக்கவே கால் மணி நேரம் ஆகும். சமையலறை அலமாரி நான்கையும் துடைத்துப் புதுத் தாள் விரித்தேன்.

செப்டம்பர் 8, திங்கள்

பரணையும் துடைத்தேன். 2011இல் தொலைந்த இட்லித் தட்டு கிடைத்தது.

செப்டம்பர் 10, புதன்

தர்மலிங்கம் கேட்டார், "வீட்ட விக்கப் போறமா?"

பழைய கணினியைத் திறந்தேன். கணக்குத் தாள் முப்பது வரி. பதினேழாவது வரி, உச்ச நேரத்தில் எவ்வளவு கழிவு வரும் என்பது. அந்த ஒரு கட்டத்தில் இருந்த எண் மங்கைப்பாளையத்துடையது அல்ல. அதற்கு முன்னால் நான் செய்த ஊருடையது. அங்கே நாள் முழுக்கக் குழாயில் தண்ணீர் வரும், அதனால் கழிவும் நாள் முழுக்கப் பரவலாக வரும். அந்தத் தாளை நகலெடுத்து, ஊர்ப் பெயர், மக்கள் தொகை, பரப்பு எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். பதினேழை மட்டும் மாற்றவில்லை. டெண்டர் கொடுக்கும் நாள் அது.

கீழே மூன்று கட்டம். வடிவமைத்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். முதல் இரண்டிலும் என் கையெழுத்துதான். சரிபார்க்க வேண்டியவர் அன்று விடுமுறை. நான் என்னைச் சரிபார்த்து, திருப்தி அடைந்திருக்கிறேன்.

செப்டம்பர் 15, திங்கள்

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். உடுமலைக் குழாய்க் கட்டுரையையே அனுப்பிவிட்டேன். வேறு எழுத நேரம் இல்லை.

அக்டோபர் 11, சனி

எழுத்துத் தேர்வு. பக்கத்தில் இருபத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் என்னிடம், "மேடம், கேள்வித்தாள் எப்பத் தருவீங்க?" என்று கேட்டான். நானும் எழுத வந்தவள்தான் என்றேன். எழுந்து நின்றுவிட்டான். மரியாதையா அனுதாபமா தெரியவில்லை.

ஐம்பத்து நான்காவது கேள்வி, காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் குடிநீர் வரும் ஊருக்கு உச்ச நேரக் கழிவு எவ்வளவு என்று. சரியாகப் போட்டேன். அறையில் என்னைவிட நன்றாக அதற்குப் பதில் தெரிந்தவர் யாரும் இருந்திருக்க முடியாது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அதிரசம் கல்லாகிவிட்டது. தர்மலிங்கம் ஒன்றைத் தின்று முடித்துவிட்டு, பல் டாக்டர் நாளைக்கு இருப்பாரா என்று மட்டும் கேட்டார்.

மத்தியானம் ஜெசிந்தா வாழ்த்துச் சொல்லப் போன் செய்தார். அவருக்கு இது பண்டிகை இல்லை, எனக்காகச் செய்தது. கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார்.

"தம்பிக்குக் குவைத்துல வேல கெடச்சிருக்குங்க. ஜனவரி மூணாந்தேதி போறான். அவனுக்குப் பதிலா வர்றவரு எப்படியோ தெரியல. நான் சொன்னாக் கேப்பாரான்னு தெரியல. கெணத்தக் கொஞ்சம் பெருசு பண்ண வழி இருக்குங்களா?"

"பார்க்கலாங்க" என்றேன்.

நான் "பார்க்கலாம்" என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று என் பெண்ணுக்குத் தெரியும். சின்ன வயதில் நாய்க்குட்டி கேட்டபோது சொன்னேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். எழுபத்தொன்று. நவம்பர் 28 சென்னையில் நேர்முகம். கிருபாகரன் சார் ஆபீஸ் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். எல்லோரும் போன பிறகு அவர் அறைக்குப் போய் மங்கைப்பாளையத்தைப் பற்றிச் சொன்னேன். பதினேழாவது வரியையும் சொன்னேன்.

"ஒப்புதல் கட்டத்துல யார் கையெழுத்து?" என்று கேட்டார்.

"உங்களுதுங்க சார்."

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவர் கெட்டவர் இல்லை. என் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த பதினைந்து நாளும் தினம் வந்து உட்கார்ந்தவர்.

"பானுரேகா, நான் மறைக்கச் சொல்லல. நேர்முகம் முடியட்டும். அந்தத் தம்பி ஜனவரி வரைக்கும் இருக்காரில்ல? இப்ப எழுத்துல குடுத்தா உங்க சான்று போச்சு, டெண்டரும் போச்சு. ஒரு மாசம் பொறுத்தா எதுவும் போகாது."

நியாயமாகத்தான் இருந்தது. மைசூர்பாகில் இரண்டு எடுத்துக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 8, சனி

நேர்முகத்துக்குப் புடவை எடுக்கப் போனேன். கடைக்காரப் பெண் எந்த விசேஷத்துக்கு என்று கேட்டாள். "என்னை நம்பலாமா வேண்டாமான்னு மூணு பேர் முடிவு பண்றாங்க" என்றேன். "பொண்ணு பார்க்கவாங்க?" என்றாள்.

பச்சை எடுத்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

காலை ஐந்து மணிக்கே கிளம்பி மங்கைப்பாளையம் போனேன். ஜெசிந்தா கூப்பிடவில்லை. நேற்றுச் சாயந்தரம் நான்தான் போன் செய்து, தம்பி எப்படி இருக்கிறார் என்று விசாரித்தேன். மூன்று நாளாகப் பேசவில்லை என்றார். அம்மாவைத் தனியாக என் தலையில் கட்டிவிட்டுப் போகிறாயா என்று இவர் கேட்க, அவர் கோபித்துக்கொண்டுவிட்டார்.

ஆறு நாற்பதுக்குக் கிணறு நிறைந்தது. ஆபத்துக் காலத்துக்கென்று நான் வரைந்த குழாயில் கறுப்பாகத் தண்ணீர் போனது. வரைபடத்தில் அது ஒரு புள்ளிக்கோடு. நேரில் அப்படி இல்லை, சத்தம் இருந்தது. அதன் கூடவே நடந்தேன். அரைக் கிலோமீட்டரில் ஏரி. கரையில் ஒரு அம்மா போர்வை துவைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் நிறம் மாறியதும் பேசாமல் போர்வையை எடுத்துக்கொண்டு இருபது அடி தள்ளிப் போய் உட்கார்ந்து மறுபடியும் துவைத்தார். பழக்கப்பட்டவர் மாதிரி.

"அடிக்கடி இப்படி வருமாங்க?" என்று கேட்டேன்.

"எப்பவாச்சுங்க. அந்தப் பிள்ளையும் அது தம்பியும் சண்டை போட்டா வரும்."

ஊருக்கே தெரிந்திருக்கிறது.

திரும்பி வந்து கிணற்றடியில் நின்றேன். ஜெசிந்தா மட்டம் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன், "அன்னைக்கு நீங்க போன் பண்ணப்ப நான் கணக்கத் தெறந்துகூடப் பார்க்கல. பார்க்காமலே சரியா இருக்குன்னு சொன்னேன்."

"தெரியுமுங்க" என்றார். "பார்த்திருந்தாக் கொஞ்ச நேரமாச்சும் ஆயிருக்கும். நீங்க ஒடனே சொன்னீங்க."

அந்தப் போன் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்போது தைப்பதற்கு ரவிக்கை அளவு கொடுத்துக்கொண்டிருந்தேன். தையற்காரம்மா நாடாவைப் பிடித்தபடி நின்றதால் சீக்கிரம் வைத்துவிட்டேன். செப்டம்பர் 6ஆம் தேதிப் பக்கத்தில் ஞாபகம் இல்லை என்று எழுதியிருக்கிறேன். யாரும் படிக்காத டைரியில்கூட.

நவம்பர் 18, செவ்வாய்

பேரூராட்சி செயல் அலுவலருக்குக் கடிதம். தர்மலிங்கத்திடம் காட்டினேன். சிவப்புப் பேனாவோடு படித்தார், பழக்கதோஷம்.

"'உச்ச அளவு தவறாகக் கணக்கிடப்பட்டது.' சரி. 'முந்தைய திட்டத்தின் மதிப்பு மாற்றப்படாமல் விடப்பட்டது.' சரி. 'உரிய நேரத்தில் கவனிக்கப்படவில்லை.' எல்லாம் சரி. ஆனா யாரு செஞ்சதுன்னே தெரியலையே. பேய் பண்ணின மாதிரி இருக்கு."

இரண்டாவது தடவை எழுதினேன். "எங்கள் நிறுவனம்" வந்தது. மூன்றாவதில் "எங்கள் குழு." அந்தக் குழுவில் யாரெல்லாம் என்று கேட்டார். நான், என் கால்குலேட்டர்.

நான்காவதில் "நான்" வந்தது. நான் மாற்றவில்லை. நான் சரிபார்க்கவில்லை. நிலையத்தை இயக்கும் திருமதி ஜெசிந்தா தொலைபேசியில் சொன்னபோது நான் கேட்கவில்லை. எழுதி முடித்தபோது கடிதம் ஒரு பக்கம்தான். மற்ற மூன்றும் இரண்டு பக்கம்.

அதற்குக் கீழே, செய்ய வேண்டியதை எழுதினேன். கிணற்றுக்குப் பக்கத்தில் காலை நேரக் கழிவைத் தேக்கிவைத்து மெதுவாக விட ஒரு தொட்டி வேண்டும். அது கட்டி முடியும் வரை, மூன்று முறையாகத் தண்ணீர் விடுவதைப் பேரூராட்சியே உத்தரவாகப் போட வேண்டும்.

நவம்பர் 19, புதன்

கடிதத்தின் நகலைக் கிருபாகரன் சார் மேசையில் வைத்தேன். அசல் ஏற்கனவே போய்விட்டது என்றும் சொன்னேன். படித்தார். மடித்தார். "நீங்க போகலாம்" என்றார்.

மத்தியானம் யாரும் என்னோடு சாப்பிட வரவில்லை. எலுமிச்சை சாதம், நல்லவேளை, தனியாகச் சாப்பிட ஏற்றது.

நவம்பர் 28, வெள்ளி. சென்னை

மூன்று பேர். நடுவில் ஒரு அம்மா, எழுபது வயது இருக்கும், வெள்ளை முடி, கதர்ப் புடவை. இரண்டு பக்கமும் இரண்டு ஆண்கள். என் விண்ணப்பம் கொடி கொடியாக ஒட்டுத்தாள் ஒட்டி அவர்கள் முன்னால் இருந்தது.

அரை மணி நேரம் நன்றாகப் போனது. மங்கைப்பாளையத்தின் முடிவுகளைப் பார்த்து, இடதுபக்கம் இருந்தவர் பாராட்டினார். "இந்த அளவு நிலையா ஓடற சின்ன ஊர் நிலையம் அபூர்வம். ரகசியம் என்ன?" என்றார். அங்கேயே நன்றி சொல்லி நிறுத்தியிருக்கலாம். அவர் கேட்டது மரியாதைக்குத்தான்.

"அது என் வடிவமைப்பால இல்லைங்க சார்" என்றேன். சொன்னேன். பதினேழாவது வரி, நீள நோட்டு, சண்டை, ஏரி. கடிதத்தின் நகலையும் எடுத்து வைத்தேன். கை தவறி, அது அந்த அம்மாவின் காபி டம்ளர் மேல் போய் விழுந்தது. ஓரம் நனைந்துவிட்டது.

அவர் அதை உதறிவிட்டுப் படித்தார். பிறகு முப்பத்தாறாம் பக்கத்தைத் திருப்பினார்.

"பிழை பற்றின கட்டுரைல இது இல்லையே. ஏதோ குழாய் சரிவு பத்தி இருக்கு."

"ஆமாங்க மேடம்."

"இத எழுதும்போது உங்களுக்கு இந்தப் பிழை தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. "அனுப்பறதுக்கு அஞ்சு நாள் முன்னாடியே தெரியும்" என்றேன்.

"அப்ப ஏன் எழுதல?"

நேரம் இல்லை என்று வாயில் வந்தது. "அலமாரி தொடச்சுக்கிட்டிருந்தேன்" என்றேன்.

வலதுபக்கம் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பாரோ என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "பிழையைக் கண்டுபிடிச்சது யாரு, நீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. ஜெசிந்தா. ஆறு வருஷம் முன்னாடியே. நான் கண்டுபிடிச்சது அவங்கள மட்டுந்தான்."

எழுதிக்கொண்டார். போகலாம் என்றார்கள். வெளியே வந்ததும் பச்சைப் புடவை முழுக்க வியர்வை. சென்ட்ரலில் தயிர் சாதம் வாங்கிச் சாப்பிட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்தது.

டிசம்பர் 12, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. இந்த ஆண்டு சான்று இல்லை. விண்ணப்பத்தில் தெரிந்தே முழு உண்மையைத் தராதது காரணம். ஒரு வருடம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம், எழுத்துத் தேர்வு மறுபடி தேவையில்லை. எல்லாம் அச்சில். அதற்குக் கீழே பேனாவால் ஒரு வரி: "கடிதத்தில் நீங்கள் எழுதியிருந்த தொட்டியின் அளவும் கொஞ்சம் போதாது. மறுபடி பார்க்கவும்."

பார்த்தேன். போதாதுதான்.

டிசம்பர் 15, திங்கள்

டெண்டருக்குப் போக முடியாது என்று ஆபீசில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யார் காரணம் என்றும். கிருபாகரன் சார் சாயந்தரம் கூப்பிட்டார். மேசையில் மங்கைப்பாளையம் தொட்டியின் வரைபடம் இருந்தது, நான் திருத்தியது. ஒப்புதல் கட்டத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். சரிபார்த்தவர் கட்டத்தில் வேறொரு ஆளின் கையெழுத்து.

"செயல் அலுவலர் பேசினார். கட்டிக் குடுக்கறது நம்ம பொறுப்புதான்னு சொல்லிட்டேன். ஏப்ரலுக்குள்ள முடிக்கணும்" என்றார். பிறகு, "இந்தத் தடவ நானே ஒவ்வொரு வரியாப் பார்த்தேன். போன தடவ பார்க்கல" என்றார்.

புது வேலை எதுவும் எனக்குக் கொடுக்கவில்லை. கொஞ்ச நாள் இப்படித்தான் இருக்கும்.

டிசம்பர் 27, சனி

பேரூராட்சி உத்தரவு போட்டுவிட்டது. எந்த வார்டுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று தெருமுனைகளில் ஒட்டியிருக்கிறார்களாம். எட்டரை மணி வார்டில் பெண்கள் பேரூராட்சிக்குப் போய்ச் சண்டை போட்டிருக்கிறார்கள். ஆறு வருடமாக அவர்களுக்கு எட்டரைக்குத்தான் வந்துகொண்டிருந்தது. எழுதி ஒட்டியதும்தான் கோபம் வந்திருக்கிறது.

ஜனவரி 3, சனி

அமல்ராஜ் இன்று கிளம்பினார். போகும்முன் எனக்குப் போன் செய்தார். அவரோடு இதுதான் முதல் பேச்சு. "மேடம், கோவத்துல நான் தொறந்து உட்டது தப்புத்தானுங்க" என்றார். உங்கள் கோபம் வருடத்தில் பன்னிரண்டு நாள்தான் தம்பி, மற்ற முந்நூற்றைம்பது நாள் என் வேலையை நீங்கள் செய்தீர்கள் என்று சொன்னேன். "சரிங்க, ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு" என்றார். அக்காவும் தம்பியும் விமான நிலையத்தில் அழுதார்கள் என்று ஜெசிந்தா பிறகு சொன்னார்.

ஜனவரி 5, திங்கள்

புது டைரி, இந்த வருடமும் தர்மலிங்கம் பள்ளியிலிருந்துதான்.

புதிதாக வால்வுக்கு வந்திருப்பவர் மாரப்பன், ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். இன்று அவருக்கு முதல் நாள். விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். ஆபீசில் என்னைத் தேடுகிறவர் யாரும் இல்லை என்பதால் விடுப்பு சுலபமாகக் கிடைத்தது.

ஆறேகாலுக்கு ஜெசிந்தாவும் நானும் கிணற்றடியில் நின்றோம். முதல் முறைத் தண்ணீர் ஐந்தரைக்கு விட்டாயிற்று. பனி. அவர் என் தலையில் ஒரு துண்டைக் கட்டிவிட்டார். மட்டம் ஏறிக்கொண்டே வந்தது. பொங்கல் நெருங்குகிறது, ஊரில் வெள்ளையடிப்பும் கழுவலும் நடக்கிறது, வழக்கத்தைவிட அதிகம் வருகிறது என்றார். ஆறு ஐம்பதுக்கு, உபரிக் குழாயின் வாய்க்கு ஒரு சாண் கீழே நின்றது.

ஜெசிந்தாவின் போன் அடித்தது. மாரப்பன். சத்தம் வெளியே கேட்டது. "ஏழாகப் போகுதுங்க. ஆர்டர்ல ஏழுன்னு போட்டிருக்கு. ரெண்டாவது வரிசையத் தொறந்துடட்டுங்களா?"

ஜெசிந்தா கிணற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு போனை என் கையில் கொடுத்துவிட்டார்.

நான் எத்தனையோ வால்வு வரைந்திருக்கிறேன். ஒன்றைக்கூடத் திற என்றோ மூடு என்றோ யாரிடமும் சொன்னதில்லை. குனிந்து சுவரைப் பார்த்தேன். ஈரக்கோடு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது, ஆனால் மெதுவாக.

"இன்னும் பத்து நிமிஷம் பொறுங்க" என்றேன்.

"ஆரு பேசறதுங்க?"

"பானுரேகா. இந்தக் கிணத்துக்குக் கணக்குப் போட்டது நான்தான்."

அந்தக் கணக்கைப் பற்றி அவரும் கேள்விப்பட்டிருக்க வேண்டும்.

"அதானுங்க கேட்டேன்" என்றார் மாரப்பன். "போனை ஜெசிந்தாம்மாகிட்டக் குடுங்க."

கொடுத்தேன். ஜெசிந்தாவும் பத்து நிமிடம் என்றுதான் சொன்னார்.